தரங்கம்பாடி வண்டுகளும் தமிழ்ப் பெயர்களும்

18-ஆம் நூற்றாண்டின் எழுபதுகளில், நான்காண்டு இடைவெளியில், தமிழ்நாட்டோடு தொடர்புடைய இரண்டு பெயர்த்தொகுதிகள் அச்சேறின. முன்னது, 1775-இல் ஐரோப்பாவில் வெளிவந்த பூச்சியின வகைப்பாட்டு நூல். இலத்தீன் மொழியில் அமைந்தது. பின்னது, 1779-இல் சென்னை வேப்பேரி அச்சகத்தில் உருவான தமிழ்-ஆங்கில அகராதி. முன்னதன் ஆசிரியர் யோகான் கிறித்தியான் பப்ரீசியஸ். பின்னதன் ஆசிரியர் யோகான் பிலிப் பப்ரீசியஸ். பெயரொற்றுமை மயக்கந் தருவதாயினும் இவர்கள் இருவேறு அறிஞர்கள் என்பதை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும்.

கிறித்தியான் பப்ரீசியஸ் 1745-இல் தென்மார்க்கைச் சார்ந்த தோண்டர் என்னும் ஊரிற் பிறந்தவர். உப்சாலாவில் லின்னேயஸிடம் பயின்றவர். பின்னர்க் கீல் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் அமர்ந்து 1808-இல் மறைந்தவர். அவர் தமிழ்நாட்டை ஒருநாளும் கண்டவரல்லர். ஆயினும் இந்நாட்டு வண்டுகள் பலவற்றிற்கு அறிவியலுலகம் இன்றளவும் வழங்கும் பெயர்களை இட்டவர் அவரே. பிலிப் பப்ரீசியஸோ 1740-இல் தரங்கம்பாடிக்கு வந்து, ஈராண்டிற்குப்பின் சென்னைக்கு மாறி, 1791-இல் இங்கேயே இறந்தவர். ஏறத்தாழ 9,000 தமிழ்ச் சொற்களுக்கு ஆங்கிலப் பொருள் எழுதியவர். ஒருவர் கையில் வண்டுகள் இருந்தன. அவற்றிற்குரிய தமிழ்ச் சொற்கள் இல்லை. மற்றவர் கையில் சொற்கள் இருந்தன. அவற்றிற்குரிய வண்டுகளை இனம்பிரித்துக் காட்டுவார் அருகில் இல்லை. இவ்விரு தொகுதிகளும் ஒன்றையொன்று காணாமற் போனமையால் தமிழுக்கு நேர்ந்த இழப்பு யாது, அதன் காரணம் யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈண்டு வண்டு என்றது மலரில் ஊதும் தேன்வண்டை அன்று. வன்மையான முன்சிறகு உறைபோல் மூடியிருக்க, உணர்கொம்பின் நுனி ஏடு ஏடாக விரியும் இயல்புடைய கருவண்டுக் குடும்பத்தையே குறித்தது. சாணத்தை உருட்டிச் செல்லும் வண்டு, தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு, பயிர்வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவாக மண்ணுள் வளர்ந்து மழைக்குப்பின் விளக்கைச் சூழவரும் பழுப்பு வண்டு ஆகிய யாவும் இக்குடும்பத்தின. சிறுவர் தீப்பெட்டியில் அடைத்து இலையிட்டு வளர்க்கும் பொன்வண்டு தோற்றத்தால் நெருங்கியதுபோற் காணினும் வேறு குடும்பத்தது. லின்னேயஸ் 1758-இல் தம் நூலின் பத்தாம் பதிப்பில் இக்கருவண்டுகளைப் பெரும்பாலும் ஒரே பேரினப் பெயரின்கீழ் அடக்கிவிட்டார். தென்னையின் பகையாகிய காண்டாமிருக வண்டும் சாணவண்டும் அங்கு ஒரே வரிசையில் நின்றன. அவ்வொரு கூட்டைப் பலவாகப் பிரித்த முதல்வருள் ஒருவர் கிறித்தியான் பப்ரீசியஸ்.

அவர் பிரித்த முறை நோக்கத்தக்கது. சிறகின் அமைப்பைக் கொண்டு பூச்சிகளைப் பகுத்தார் லின்னேயஸ். மாணவர் ஆசிரியரினின்றும் விலகி, வாயுறுப்புகளைக் கொண்டே பகுத்தல் வேண்டும் என்றார். ஓருயிர் எதனை உண்கின்றது, எவ்வாறு உண்கின்றது என்பதே அதன் வாழ்வை அமைப்பது; ஆதலின் வாயை நோக்கினால் இயல்பு விளங்கும் என்பது அவர் துணிபு. நுண்ணோக்காடி செம்மையுறாத அக்காலத்தில் உளுந்தினும் சிறிய வண்டின் வாயுறுப்பை விரித்துக் காண்டல் எத்துணை அரிது என்பதை எண்ணின் அவர் உழைப்பு விளங்கும். அவர் பெயரிட்ட பூச்சியினங்கள் ஏறத்தாழப் பத்தாயிரம். 1801-இல் அவர் வெளியிட்ட நூல் வண்டுகளுக்கே உரிய ஈரேடுகளாய் விரிந்தது.

இனி, கீல் நகரத்துப் பேராசிரியர் கைக்குத் தமிழ்நாட்டு வண்டு சென்று சேர்ந்த வழியைக் காண்போம். தரங்கம்பாடி 1620 முதல் தேனியர் கோட்டையாக இருந்து 1845-இல் ஆங்கிலேயர்க்கு விற்கப்பட்ட ஊர். 1706-இல் சீகன்பால்கும் புளுச்சோவும் அங்கு வந்திறங்கியதும், தமிழ் அச்சுக்கூடம் எழுந்ததும், சீகன்பால்கு தாம் தொகுத்த தமிழ்ச் சுவடிகளுக்கு 1708-இல் ஓர் அட்டவணை வகுத்ததும் தமிழ் மாணவர் நன்கறிந்தவை. அவ்வட்டவணையில் நூல்கள் தத்தம் தமிழ்ப் பெயரோடு நிற்கின்றன. அதே ஊரிலிருந்து அறுபது ஆண்டுகளின்பின் கப்பலேறிய வண்டுகள் அவ்வாறு பெயரோடு செல்லவில்லை.

வண்டுகளை அனுப்பியோருள் முதலில் வைத்தெண்ணத்தக்கவர் யோகான் கெரார்டு கோனிக் என்னும் மருத்துவர். 1728-இல் லிவோனியாவிற் பிறந்த இவரும் லின்னேயஸின் மாணவரே. 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும், 1778 முதல் ஆங்கிலக் கும்பினியாரிடமும் இயற்கையறிஞராய்ப் பணிபுரிந்தார். சீயம், மலாக்கா நாடுகட்கும் சென்று மீண்டார். 1785-இல் காக்கிநாடாவையடுத்த சகந்நாதபுரத்தில் இறந்தார். இறக்கும்போது தம் கையெழுத்துப் படிகளை இலண்டனிலிருந்த சர் சோசப் பாங்க்ஸுக்கு உரிமையாக்கினார். நாம் நாள்தோறும் தாளிதத்திலிடும் கறிவேப்பிலையின் தாவரவியற் பெயரில் நிற்பதும் இவருடைய பெயரே. லின்னேயஸ் தம் மாணவர்க்குச் செய்த சிறப்பு அது.

அத்தகைய சிறப்பொன்றைக் கிறித்தியான் பப்ரீசியஸும் செய்தார். 1775-ஆம் ஆண்டு நூலில், சாணத்தை உருட்டும் வண்டு ஒன்றிற்குக் கோனிகி என அடைபெயரிட்டார். அவ்வண்டின் பெயர்வரலாறு ஓர் ஊர்ப்பெயரின் வரலாறுபோற் சுவையுடையது. அது முதலில் லின்னேயஸின் பெரும்பேரினத்தில் நின்றது. இல்லிகர் 1803-இல் சிறகுறையின் விளிம்பு விலாப்புறத்தே வளைந்து உடம்பு வெளித்தெரியும் உருட்டுவண்டுகளுக்கெனத் தனிப்பேரினம் வகுத்தபின் அதனுட் சென்றது. அப்பேரினத்திலிருந்து மற்றொன்றை 1897-இல் சிப் என்பார் பிரித்தார். இன்று அதன்கண் வைத்து எண்ணப்படுகின்றது. குடும்பப்பெயர் மாறியும் கோனிகி என்னும் இடுபெயர் மாறவில்லை. முதலில் இட்ட அடைபெயரே முறையாக வெளியிடப்பட்டிருப்பின் என்றும் நிலைபெறும் என்பது விலங்கியற் பெயரீட்டின் விதி. 1758-ஆம் ஆண்டே அதன் தொடக்க எல்லை.

கோனிக்கிற்குப்பின் குறிப்பிடத்தக்கவர் டால்டார்ப் என்னும் தேனியப் படைத்தலைவர். 1790-ஐ ஒட்டித் தரங்கம்பாடியில் இருந்த இவர் திரட்டிய பூச்சிகள் மிகப்பல. பப்ரீசியஸ் 1798-இல் வெளியிட்ட பின்னிணைப்பு நூலில் தரங்கம்பாடியும் டால்டார்ப் பெயரும் பலவிடத்தும் அடுத்தடுத்து வருகின்றன. அவர் அனுப்பியவை செகெஸ்தெட், தோண்டர் லுண்டு என்னும் இருவர் திரட்டில் சேர்ந்து, இன்று கோபன்கேகன் விலங்கியல் அருங்காட்சியகத்தில் உள்ளன.

அங்கே அவை வெறுங் காட்சிப்பொருளாய் இருப்பனவல்ல. பப்ரீசியஸின் விளக்கங்கள் இரண்டு மூன்று வரிகளே. நிறம், கொம்பு, சிறகுறையின் கோடு இவ்வளவே கூறுவன. இடக்குறிப்பும் தரங்கம்பாடி என்றோ இந்தியா என்றோ நின்றுவிடும். ஒருவகை வண்டை நூறாகக் கண்ட பிற்காலத்தார்க்கு அவ்வரிகள் போதா. ஆகவே ஓரினத்திற்குப் பெயரிடுங்கால் கண்முன் இருந்த அந்த ஒரு வண்டே அப்பெயருக்கு உரிய மூலப்படியாகக் கொள்ளப்படுகின்றது. சுவடிப் பதிப்பாளர் ஐயம் நேர்ந்தவிடத்து மூல ஏட்டை நாடுவதுபோல, வண்டாராய்வாளர் அம்மூலப்படியை நாடுவர். இன்று ஒருவர் தமிழ்நாட்டில் ஒரு சாணவண்டைக் கண்டெடுத்து அது புதிய இனமென எழுத விரும்பின், தலையின் கொம்பும் முன்காலின் பல்வரிசையும் அளந்தெழுதினால் மட்டும் போதாது. ஆண்வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்தெடுத்து வரைந்து காட்டல் வேண்டும். நெருங்கிய இனங்களின் மூலப்படிகளோடு ஒப்பிட்டு, இது அவற்றுள் ஒன்றன்று என நிறுவல் வேண்டும். தன் ஏரிக்கரை வண்டு புதியதோ பழையதோ என்றறிய வடகடல் நாட்டு இழுப்பறைக்குச் செல்லவேண்டிய நிலை நம் நாட்டு ஆராய்ச்சியாளர்க்கு வாய்த்தது இவ்வாறே. பிரித்தானிய இந்தியாவின் விலங்குத்தொகுதி வரிசையில் கில்பர்ட் ஆரோ இக்குடும்பத்து வண்டுகளுக்கு 1910, 1917, 1931 ஆகிய ஆண்டுகளில் வரைந்த மூன்று பகுதிகள் அச்சுமையைப் பெரிதும் குறைத்தன. அவற்றுள் 1931-ஆம் ஆண்டுப் பகுதி சாணவண்டுகளுக்கே உரியது. இன்றும் இத்துறையில் இறங்குவோர் அதனைக் கையிற் கொண்டே தொடங்குகின்றனர்.

இவ்வளவு பெருமுயற்சியில் தமிழ்ப்பெயர் எங்கே தவறிற்று? ஐரோப்பியர் உள்ளூர்ப் பெயர்களைப் புறக்கணித்தனர் என ஒரே சொல்லில் முடித்துவிடுதல் எளிது. ஆனால் அது முழுதும் உண்மையாகாது. வான் ரீடு 1678 முதல் 1693 வரை பன்னிரு பகுதிகளாக வெளியிட்ட மலையாளத் தாவர நூல் உள்ளூர்ப் பெயர்களையே தலைப்பாகக் கொண்டது. இட்டி அச்சுதன் என்னும் மருத்துவர் அதற்கு உதவினார் என்பதும் பதிவாகியுள்ளது. சென்னைக் கோட்டையில் மருத்துவராயிருந்த சாமுவேல் பிரௌன் அனுப்பிய செடிகொடிகளை 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் பெட்டிவர் வெளியிட்டபோதும் அவர்கள் மலபார்ப் பெயர் எனக் குறித்த தமிழ்ப்பெயர்கள் உடன் அச்சாயின. செடிக்குப் பெயர் கேட்டவர்கள் வண்டுக்குக் கேட்கவில்லை என்பதே ஆராயத்தக்கது.

காரணம் பயன்பாடே என்பது என் கருத்து. மூலிகையைக் கடைத்தெருவிற் பெறவேண்டின் அதன் தமிழ்ப்பெயர் தெரிதல் வேண்டும். மருத்துவர்க்குச் சொல்லே சரக்கின் திறவுகோல். வண்டை வாங்குவாரும் இல்லை, விற்பாரும் இல்லை. பூச்சியிலும் பயனுடையது கிடைத்தபோது அவர்கள் அயர்ந்ததில்லை. சென்னை மருத்துவத் தலைவர் சேம்ஸ் ஆண்டர்சன் 1780-களின் இறுதியில் செஞ்சாயந் தரும் பூச்சியைக் குறித்துப் பாங்க்ஸுக்குக் கடிதத்தின்மேற் கடிதம் எழுதினார். அதனை வளர்க்கச் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டமும் எழுந்தது. கோனிக் 1779-இல் கறையானைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஈசலைப் பிடித்து உண்ணும் தஞ்சைப் பகுதி வழக்கத்தையும் எழுதினார். உணவாயிற்று, ஆகவே மக்கள் வாய்மொழியும் ஏடேறிற்று.

இதற்கு மறுக்கவியலாத சான்று டால்டார்ப்பிடமே கிடைக்கின்றது. 1791-இல் தரங்கம்பாடியில் பனைமரத்தில் மீன் ஒன்று ஏறியிருக்கக் கண்டதாக அவர் எழுதிய குறிப்பு 1797-இல் இலண்டனில் அச்சாயிற்று. அக்காலத்துத் தரங்கம்பாடியில் வாழ்ந்த சான் பாதிரியார் அம்மீனுக்குரிய பனையேறி என்னும் தமிழ்ப்பெயரையும் ஐரோப்பியர்க்கு அறிவித்தார். உண்பதற்குரிய மீனாயும், பேசுவதற்குரிய வியப்பாயும் அது இருந்தது. ஆதலின் பெயர் பிழைத்தது. அதே கடற்கரையூரில், அதே மனிதர் கையால் குப்பியிலடைக்கப்பட்ட வண்டுகளின் பெயர் பிழைக்கவில்லை. ஆயினும் 1798-ஆம் ஆண்டு நூலில் பப்ரீசியஸ் ஒரு தேளுக்குத் தமுலுஸ் என அடைபெயரிட்டார். தரங்கம்பாடிப் பாதிரிமார் இலத்தீனில் தமிழைக் குறித்து வழங்கிய சொல்லின் வடிவே அது எனக் கொள்ளத்தகும். இன்று நாம் செந்தேள் என்னும் அந்நச்சுயிர் உலகெங்கும் தமிழ் என்னும் பெயரைச் சுமந்து திரிகின்றது. பெருமைப்படுவதா நாணுவதா என்று துணிதல் அரிது.

பயன்பாடு ஒரு காரணமெனின், நம் அகராதி மரபு மற்றொரு காரணம். தமிழில் உயிர்வகைப்பாடு இல்லையோ எனின், உண்டு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாகப் பகுத்தமை யாவரும் அறிந்ததே. கறையானையும் எறும்பையும் மூவறிவுயிராகவும், நண்டையும் தும்பியையும் நான்கறிவுயிராகவும் அது வைக்கின்றது. ஒவ்வொரு வகையிலும் இரண்டொன்றை எடுத்துக்காட்டி, அக்கிளையிற் பிறந்தன பிறவும் உள எனக் கதவைத் திறந்துவைத்தல் அந்நூற்பாக்களின் தனிச்சிறப்பு. புதிய உயிர் ஒன்று காணப்படின் அதற்கும் இடமுண்டு என்பதே அதன் குறிப்பு. மூவறிவுயிர்க்குக் கண்ணுணர்வு இல்லை என்பதும், கறையானின் தொழிலினம் குருடாயிருத்தலும் ஒத்துவருதல் வியப்பன்றோ? ஆயினும் எறும்பிற் பெரும்பாலானவற்றிற்குக் கண் உண்டு என்பதையும் மறைத்தலாகாது. மரபியலின் சில பகுதிகள் பிற்சேர்க்கை என்பாரும் உளர். புலன்வழி உயிர்களைப் பகுத்தல் சமண நூல்களிலும் காணப்படுவது. எனவே இதனை இக்கால விலங்கியலுக்கு முன்னோடி எனப் பறைசாற்றுவதினும், உயிரினை அது அறியும் அறிவால் அளந்த ஒரு மெய்ப்பொருட் பகுப்பு என அமைவதே ஆராய்ச்சி நெறிக்கு ஏற்றது.

உரையாசிரியர்கள் இன்னும் நுணுகிச் செல்வர். மிஞிறும் சுரும்பும் எவ்வகை மணத்தினும் செல்வன, வண்டும் தேனும் நன்மணத்தே செல்வன எனச் சிந்தாமணி உரையில் நச்சினார்க்கினியர் வேறுபாடு காட்டுகின்றார். தொல்காப்பியர் அறிவு நோக்கிப் பகுத்தார். நச்சினார்க்கினியர் நாட்டம் நோக்கிப் பகுத்தார். பப்ரீசியஸ் வாய் நோக்கிப் பகுத்தார். பின்னிருவர்க்கும் உள்ள நெருக்கம் சிந்திக்கத்தக்கது. உணவை நோக்கியே இருவரும் உயிரை இனங்கண்டனர். ஆனால் நிகண்டுகள் இவ்வேறுபாட்டைப் போற்றவில்லை. சுரும்பு, ஞிமிறு, தும்பி, அளி, அறுபதம் என யாவற்றையும் வண்டின் பெயர் என ஒரே தொகையில் அடுக்கின. செய்யுள் செய்வார்க்கு எதுகை மோனைக்கேற்ற சொல் வேண்டியிருந்தது, வண்டு வேண்டியதில்லை. இந்நிகண்டு மரபின் நிழல் பிலிப் பப்ரீசியஸின் அகராதிவழியிலும் தொடர்ந்தது. அதன் பிற்காலப் பதிப்புகளில் வண்டு என்பதற்குக் கருவண்டும் தேனீயும் ஒருங்கே பொருளாயின.

இலக்கிய வண்டு மலரைவிட்டு அகலாதது. சாணத்தில் வாழும் வண்டுக்கு அகப்பாட்டில் இடமேது? உழவரும் ஆயரும் அதற்கு இட்ட பெயர்கள் வாய்மொழியாகவே நின்றன. அவற்றுள் பரவலாக வழங்கும் பீயுருட்டி என்பதை இடக்கரடக்கல் கருதிப் புலவர் ஏட்டிலேற்றத் தயங்குவர். வகுப்பறையில் இதனைக் கூறியபோது மாணவர் நகைத்ததையும் யான் கண்டதுண்டு. ஆயினும் சொல்லாக்க நோக்கில் அது குறையற்ற பெயர். சாணவண்டுகளை வாழ்க்கைமுறையால் மூவகையாக்குவர் விலங்கியலார். சாணத்தை உருண்டையாக்கி உருட்டிச் சென்று புதைப்பன ஒருவகை. சாணத்தின் கீழேயே சுரங்கந்தோண்டி உள்ளே இழுப்பன ஒருவகை. சாணத்துள்ளேயே தங்கி முட்டையிடுவன ஒருவகை. உருட்டி என்னும் வினைமுதற் பெயர் முதல்வகைக்கே உரியது; பிறவற்றிற்குச் செல்லாது. மேய்ப்பனின் சொல் விலங்கியலாரின் பகுப்போடு ஒத்துநிற்றல் காண்க. எஞ்சிய இருவகைக்கும் இவ்வாறு தனிச்சொற்கள் இருத்தல் கூடும் என்னும் எண்ணமே இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது.

பிலிப் பப்ரீசியஸ் வாழ்ந்த வேப்பேரியை அடுத்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலை பூந்தமல்லிக்குப் போகின்றது. அச்சாலைக்கு வடக்கே அம்பத்தூர், ஆவடி. சாலையின் தென்மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. தொழிற்பேட்டையும் குடியிருப்பும் நெருங்கிய இப்பகுதியில் மேய்ச்சல்நிலம் ஏரிக்கரையளவாகச் சுருங்கிற்று. சாணம் குறையின் சாணவண்டும் குறையும். மேலும், மாட்டின் குடற்புழுவிற்குத் தரும் ஐவர்மெக்டின் போன்ற மருந்துகளின் எச்சம் சாணத்தோடு வெளிப்பட்டு வண்டின் இளம்புழுவைக் கெடுக்கும் என்பதும் ஆய்வுகளால் தெளிந்த செய்தி. வண்டு அருகின், அதனைச் சுட்டிய சொல்லும் அருகும். கல்வெட்டுச் சிதைவைக் கண்டு வருந்தும் நாம் இச்சிதைவையும் எண்ணவேண்டியவர்களாவோம். கல்லுக்கு மைப்படி எடுக்கலாம், பேசுவார் இல்லாத சொல்லுக்கு எடுக்கவியலாது.

முதுகலை மாணவர்க்கு இது நல்லதோர் ஆய்வுக்களம். வெறுஞ் சொற்பட்டியல் மட்டும் தொகுத்தல் பயன்தராது. சொல்லோடு வண்டும் வரவேண்டும். பெயர் கூறுவாரிடம் அவ்வண்டையே காட்டிக் கேட்டு, நாளும் இடமும் எழுதி, அதனை விலங்கியல் துறையாரிடம் ஒப்படைத்து இனங்காணல் வேண்டும். விலங்கியற் பெயரீட்டு விதிகள் அடைபெயரை எம்மொழிச் சொல்லினின்றும் ஆக்கிக்கொள்ள இடந்தருகின்றன. உரோமன் எழுத்தில் அமைதல் ஒன்றே கட்டுப்பாடு. ஆதலின் இனிப் பெயரிடப்படும் தமிழ்நாட்டு வண்டிற்கு அதன் ஊர்ச்சொல்லே அடைபெயராதற்கு விதியளவில் தடையில்லை.

சென்ற ஐப்பசியில், மழை ஓய்ந்த ஒரு மாலை, அம்பத்தூர் ஏரிக்கரையில் எருமை மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் இரண்டு வண்டுகளைக் காட்டிக் கேட்டேன். சிறியதைக் கண்டவுடன் சாணியுருட்டி என்றார். மற்றது பருத்துக் கறுத்துத் தலையிற் கொம்புடன் இருந்தது. அதனை உள்ளங்கையிற் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, இது உருட்டாது, இருந்த இடத்திலேயே புதைக்கும், இதற்கு வேறு பெயர் உண்டு என்றார். அப்பெயர் யாது எனக் கேட்டதற்கு, தம் தாய்க்குத்தான் தெரியும், அவர் இறந்து நெடுநாளாயிற்று என்று கூறி வண்டைச் சாணத்தருகே விட்டார்.